பிறை நகவால் வாலபி: களிமண்ணில் இதுவரை

அழிந்துபோன விலங்குகளில் பிறை நகவால் வாலபி மேல் எனக்குத் தனிப் பிரியம். மத்திய, மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட புதர்க்காடுகளில் திரிந்த, கங்காரு குடும்பத்தைச் சேர்ந்த சின்ன உயிர். எடை மூன்றரை கிலோ அளவுதான். 1841இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் கூல்ட் அதற்கு அறிவியல் விவரம் எழுதினார். 1950களுக்குப் பிறகு அது இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. அதைத்தான் நிஜ அளவில் பாதியாகச் செய்துகொண்டிருக்கிறேன்.

கட்டுக்கம்பியில் சட்டம், கசக்கிய அலுமினியத் தாளில் உடம்பு, மேலே பேப்பர் க்ளே, அதாவது காகிதக் கூழ் கலந்த களிமண். இதுவரை வழக்கமான வேலைதான். பின்னங்காலுக்கு மட்டும் கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுங்கள். உருவத்தின் பாரம் முழுக்க அந்த நீளப் பாதத்தில்தான் இறங்குகிறது.

தொடைச் சதையும் உட்காரும் விதமும் தெரிய அதன் உறவுக்கார விலங்கான கடிவாள நகவால் வாலபியின் படங்களை வைத்துக்கொண்டேன். அதுவும் அழிந்துவிட்டது என்றுதான் பல ஆண்டுகள் நினைத்திருந்தார்கள். 1973இல் குயின்ஸ்லாந்தின் டிங்கோ என்ற ஊர்ப் பக்கம் வேலி போடும் தொழிலாளி ஒருவர், பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, 'இதை நான் பார்த்திருக்கிறேனே' என்று தகவல் சொன்னார். போய்ப் பார்த்தால் உயிரோடு இருக்கிறது! ஒரு படம் சரியாக இருந்தால் அது என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அதனால்தான் அளவுகளில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அதிக நேரம் பிடித்தது தோள்தான். தோளிலிருந்து மார்புப் பக்கம் வளைந்து இறங்கும் வெள்ளைப் பிறை இந்த வாலபியின் அடையாளம். களிமண் ஈரமாக இருக்கும்போதே ஊசியால் முடிக்கோடுகளைக் கீறி, பிறையின் வளைவிலேயே அவற்றைத் திருப்பினேன். காய்ந்ததும் உடம்புக்குச் சாம்பல் நிற அக்ரிலிக்கைத் தண்ணீராகக் கரைத்து இரண்டு பூச்சு. பிறைக்குச் சுத்த வெள்ளை வேண்டாம், பொம்மை மாதிரி ஆகிவிடும். துளி பழுப்பு கலந்து, தூரிகையைத் துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, கீறல்களின் மேட்டில் மட்டும் படும்படி இழுத்தேன். ஓரத்தில் சாம்பல் முடி இரண்டொன்று வெள்ளைக்குள் நுழைந்ததும் அது ரோமமாகிவிட்டது. அந்த இடத்தைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம்.

வால் நுனியில் முடிக்குள் மறைந்த சின்ன நகம் ஒன்று உண்டு. பேப்பர் க்ளேயில் அவ்வளவு மெல்லிய நுனி நிற்காது. கொட்டாங்குச்சிச் சில்லை உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி ஒட்டினேன். நிறமும் மங்கலான பளபளப்பும் தானாகவே அமைந்துவிட்டன.

அப்புறம் பீடம். இந்த வாலபியைத் துரத்தினால் உள்ளீடற்ற மரத்துக்குள் புகுந்துகொள்ளுமாம். பகலில் புதரடியில் மண்ணைப் பறித்துப் படுத்திருக்கும். ஐரோப்பியர் கொண்டுவந்த நரியும் பூனையும் பெருகிய பிறகு இந்த மறைவிடங்கள் போதவில்லை. மேய்ச்சலும், பழங்குடி மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் எரிக்கும் வழக்கம் நின்றதும் சேர்ந்துகொண்டன. பீடத்தில் நரியை வைக்கலாமா என்று கேட்டார்கள். வேண்டாம். அதன் சாதாரண மத்தியானம் ஒன்றைத்தான் காட்டப்போகிறேன்.

செம்மண்ணைச் சலித்து வைத்தாயிற்று. பள்ளம் உடம்புக்குச் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதால் வயிற்றடி நன்றாகக் காயட்டும் என்று காத்திருக்கிறேன். கண்ணுக்குக் கறுப்பு ரெசின் மணியும் வாங்க வேண்டும்.