பதினொண்ணுக்கு முட்டை

போன வருஷம் நம்ம பயலுவள கூட்டிக்கிட்டு கோவில்பட்டி பக்கம் ஒரு ஸ்கூல் ஹாக்கி டோர்னமெண்டுக்கு போயிருந்தேன். செங்கோட்டைல காலைல நாலரைக்கு வேன் ஏறி சங்கரன்கோவில், கழுகுமலை வழியா போயி எறங்குறதுக்குள்ள ரெண்டு பேரு வாந்தி, எறங்குன உடனே மேட்ச். மொத குவார்ட்டர்லயே நாலு கோல் வாங்கியாச்சு. கடைசில பதினொண்ணுக்கு முட்டை. எங்க கோலி பய, கோல் கீப்பர்தான், சோத்துப் பொட்டலத்த பிரிக்கக்கூட இல்ல, அப்படியே மடில வச்சிக்கிட்டு புளியங்குடி பஸ்ஸு போறத பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான்.

நான் பிடி வாத்தியார்லாம் கிடையாது, ஹார்டுவேர் கடை வச்சிருக்கேன், படிக்கும்போது ரைட் பேக் ஆடுன பழக்கத்துல சாயங்காலம் கடைய தம்பிகிட்ட விட்டுட்டு கிரவுண்டுக்கு போயிருவேன், அவ்ளோதான். அந்த மேட்சுக்கு அப்புறம் நாலு பேரு கம்ப போட்டுட்டு கிரிக்கெட்டுக்கு போயிட்டானுவ. அன்னைலருந்து மண்டைக்குள்ள ஓடிக்கிட்டு இருக்க கேள்வி இது, ஸ்கூல் ஹாக்கில இன்னொரு டிவிஷன் வச்சா என்ன?

இப்ப அண்டர் 14, அண்டர் 17, அண்டர் 19னு வயச வச்சுத்தான பிரிக்காவ. ஒரே வயசுதான் ஆனா ஒரே ஆட்டம் இல்லையே. கோவில்பட்டிக்கு ஹாக்கிப்பட்டின்னே பேரு. அங்க விளையாட்டு விடுதி இருக்கு, டர்ஃப்னு சொல்லுற செயற்கை தரை இருக்கு, 2022ல ஜகார்த்தால நடந்த ஆசிய கோப்பைல இந்தியா டீம்ல ஆடுன மாரீஸ்வரன், கார்த்தி ரெண்டு பேருமே அங்கன பழகுன பயலுவதான், கார்த்தி மொத மேட்ச்லயே பாகிஸ்தானுக்கு கோல் போட்டான். அந்த மண்ணுல கம்ப புடிச்ச பயலுவளுக்கும், குத்தால சீசன் சாரல்ல முழங்கால் வரைக்கும் சகதியாயிருக்க எங்க கிரவுண்ட் பயலுவளுக்கும் நடுவுல என்னத்த போட்டி? ஜூன் ஜூலைல ஊரே சாரல ரசிக்க வருது, எங்களுக்கு அப்பத்தான் பிராக்டீஸ் டைம். பந்து உருளாது, குத்திக்கிட்டு நிக்கும். அதுல பழகிட்டு போயி டர்ஃப்ல எறங்குனா பந்து வர்ற வேகத்துக்கு கம்ப கீழ வைக்குறதுக்குள்ள அவன் டிக்குள்ள, அதான் கோலுக்கு முன்னால இருக்க அரைவட்டத்துக்குள்ள, போயிருவான்.

இது எங்க பயலுவளுக்கு மட்டும் வந்த கஷ்டமில்ல பாத்துக்கோங்க. 1928லருந்து 1972 வரைக்கும் ஒலிம்பிக் ஹாக்கில மெடல் இல்லாம திரும்பாத இந்தியாவே 1976 மாண்ட்ரியல்ல மொத மொத செயற்கை தரைல ஆடி ஏழாவதா வந்துச்சு. நாட்டுக்கே அந்த கதின்னா எட்டாங்கிளாஸ் பயல என்ன சொல்ல.

சித்தி பையன் ஒருத்தன் அமெரிக்கால மினியாபோலிஸ்ல இருக்கான், அங்க ஐஸ் ஹாக்கி. அவன் இருக்க மினசோட்டா மாநிலத்துல ஸ்கூல் ஹாக்கின்னா நம்மூரு தேர்த்திருவிழா மாதிரியாம். 1945லருந்து எல்லா ஸ்கூலுக்கும் சேத்து ஒரே ஸ்டேட் டோர்னமெண்டுதான் நடந்திருக்கு, 1992ல ரெண்டா பிரிச்சாவ, இப்ப ஏ, டபுள் ஏன்னு ரெண்டு கிளாஸ். ஸ்கூல்ல எத்தன புள்ளைய படிக்குன்னு பாத்து பிரிக்காவ, ஆனா சின்ன ஸ்கூலு எங்களுக்கு மேல் கிளாஸ்தான் வேணும்னு கேட்டா ஆடிக்கலாம். கனடா பார்டர் பக்கத்துல ரோசோன்னு ஒரு ஊரு, ஊருக்கே மூவாயிரம் பேரு கூட இல்ல, அது அப்படி கேட்டு வாங்கி டபுள் ஏல ஆடி 1999லயும் 2007லயும் கப்பு அடிச்சிருக்கு! அவன் இத சொன்னப்ப எனக்கு கேரளா பார்டர்ல இருக்க நம்ம புளியரை செக்போஸ்ட்தான் ஞாபகம் வந்துச்சு, பார்டர் ஊருக்காரனுக்கு ஒரு வீம்பு உண்டுல்லா.

ஆனா அந்த கணக்கு இங்க ஒத்து வராது. எங்க ஸ்கூல்லயும் புள்ளைய நிறைய இருக்கு, அத வச்சு பிரிச்சா நாங்களும் மேலதான் போவோம், மறுபடி பதினொண்ணு வாங்குவோம். நம்மூர்ல பிரிக்கணும்னா டர்ஃப்ல தெனம் ஆடுறவன், மண்ணுல ஆடுறவன்னுதான் பிரிக்கணும். விடுதி டீமும் டர்ஃப் பக்கத்துல இருக்க டீமும் ஏ. மத்தவன் பி. பில ஜெயிச்சவன் அடுத்த வருஷம் ஏல ஆடியே ஆகணும், இல்லன்னா வருஷா வருஷம் அங்கனயே கெடந்து கப்பு சேத்துக்கிட்டு இருப்பான், அது வேற கேவலம்.

டர்ஃபுக்கு கேரளா பக்கம் போலாமேன்னு கேப்பீங்க. கொல்லம் ஆசிராமத்துல 2015 தேசிய விளையாட்டு நடந்த ஹாக்கி ஸ்டேடியம் இருக்கு, ஆரியங்காவு வழியா ரயில்ல போனா பதிமூணு கண்ணு பாலத்தையும் பாத்துட்டு போலாம். ஆனா வாரத்துக்கு ரெண்டு தடவ கூட்டிட்டு போக டிக்கெட்டு காசு யாரு குடுப்பா. எங்ககிட்ட கோலி மாட்டுற பேடே ஒரு செட்டுதான், அதுவும் நான் ஆடுன காலத்துலருந்து இருக்கோன்னு சந்தேகம்.

இன்னொரு சிக்கல், டீமு. 2019ல தென்காசி தனி மாவட்டம் ஆனதுலருந்து இங்க ஹாக்கி டீம் வச்சிருக்க ஸ்கூல விரல் விட்டு எண்ணிரலாம். அதுலயும் ரெண்டு டிவிஷன் வச்சா பில மூணு டீம்தான் இருக்கும். அதனால மாவட்டத்துல பிரிக்கக்கூடாது, நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், கன்னியாகுமரி எல்லாத்தையும் சேத்து மண்டல அளவுல பி டிவிஷன் வைக்கணும்னு நான் சொல்லுதேன்.

இத கடைல வச்சு ஒரு பயலோட அப்பாகிட்ட சொன்னேன், அவரு லோடு ஆட்டோ ஓட்டுதாரு. முழுசும் கேட்டுட்டு, "அண்ணாச்சி, பி டிவிஷன் சர்டிபிகேட்டு கோட்டாவுக்கு செல்லுமா?"ன்னாரு. எனக்கு வாயடைச்சுப் போச்சு. கவர்ன்மெண்ட் வேலைல 3 சதவீதம் ஸ்போர்ட்ஸ் கோட்டா இருக்கு, இஞ்சினியரிங் கவுன்சலிங்ல 500 சீட்டு இருக்கு, அதுக்குத்தான முக்காவாசி வீட்டுல கம்பு புடிக்க விடுதாவ. பி சர்டிபிகேட்டுக்கு மார்க் கம்மின்னு ஆக்கிட்டா எந்த அப்பனும் பயல அதுல ஆட விடமாட்டான், ஏக்கு சமம்னு வச்சா ஏல ஆட வேண்டியவனே கீழ எறங்கி வருவான். இதுக்கு எனக்கு விடை தெரியல. ஏ சர்டிபிகேட்டுக்கு மார்க் கொஞ்சம் கூடுதலா வைக்கலாம், எவ்ளோ கூடுதல்ங்குறதுல அடிதடி வரும்.

பயலுவகிட்டயும் கேட்டுப் பாத்தேன். ஆறு பேரு பி வேணும்னானுவ, மத்தவனுவ தரைய பாத்துக்கிட்டு நின்னானுவ. கோலி பய மட்டும், "மாமா, பிலயும் சாப்பாடு போடுவாவளா?"ன்னு கேட்டான். அன்னைக்கு பிரிக்காத பொட்டலம் இன்னும் மனசுல இருக்கு போல.

இன்னைக்கும் சாரல் விடல. அவன் பேடு ரெண்டும் எங்க கடை ஷட்டர் உள்பக்கம் பெயிண்டு டப்பா மேல காயுது, நாறுது, வர்ற கஸ்டமர்லாம் என்ன அண்ணாச்சி இதுன்னு கேக்காவ.