மூன்று வாரத்துக்கு ஒரு பெல்ட்

திருப்பூரில் ஒரு பனியன் வாஷிங் யூனிட்டில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் இரண்டாம் நம்பர் டிரையர் மூன்று வாரத்துக்கு ஒரு செட் பெல்ட்டைத் தின்றுகொண்டிருந்தது. புதுசு மாட்டினால் நன்றாக ஓடும். பிறகு ரப்பர் கருகும் வாசம், டிரம் விட்டுவிட்டுச் சுற்றும். நான்கு செட் போன பிறகும் பெல்ட் தரமில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெயினை அணைத்து, ஃப்யூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பின்மூடியைத் திறந்தேன். கை நிறையப் பஞ்சு. வழுக்கிச் சூடேறும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அவ்வளவு பஞ்சைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. முதலில் அதைத்தான் அள்ளினேன்.

அப்புறம் மோட்டார் புல்லியின் காடியில், அதாவது பெல்ட் உட்காரும் பள்ளத்தில், டார்ச் அடித்தேன். பக்கங்கள் ‘V’ மாதிரி சரிந்திருக்கும் வி-பெல்ட், காடியின் இரண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் இழுக்கும், அடியைத் தொடவே கூடாது. இங்கே அடிப்பாகம் கண்ணாடி மாதிரி மின்னியது. சுவர் தேய்ந்து, பெல்ட் உள்ளே இறங்கி, அடியில் வழுக்கியிருக்கிறது. இது வலமும் இடமும் மாறி மாறிச் சுற்றும் மெஷின். ஈரத்துணி பாரத்தோடு ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் அந்த வழுக்கல்தான்.

கடையில் 3 இன்ச் புல்லி இல்லை. “மூன்றரை இருக்குதுங்க, அரை இன்ச்சுதானே” என்றார். அந்த அரை இன்ச்சில்தான் எல்லாமே இருக்கிறது. மோட்டாரின் நிமிடத்துக்கு 1440 சுற்று இரண்டு கட்டமாகக் குறைந்து டிரம்முக்கு 38 ஆக வருகிறது. மூன்றரை போட்டால் 44. ஒரு மீட்டர் விட்டமுள்ள டிரம் 42-ஐத் தாண்டினால் துணி மேலேயிருந்து விழாது, சுவரோடு ஒட்டிக்கொண்டே சுற்றும். விழுந்து புரண்டால்தானே உள்ளே சூடான காற்று புகும்? முன்பு நான் இருந்த இடத்தில் இப்படி மாற்றிவிட்டு, உள்மடிப்பு ஈரமாகவே வருகிறதென்று ஒரு வாரம் ஹீட்டரை நோண்டினோம். அதனால் மறுநாள் கோயம்புத்தூர் போய் 3 இன்ச்சே வாங்கி வந்தேன்.

பழையது துருவேறி ஷாஃப்ட்டோடு இறுகிக் கிடந்தது. “ரெண்டு தட்டு தட்டுனா வந்துருமுங்கண்ணா” என்றான் ஹெல்ப்பர் தம்பி. அடி நேராகப் பேரிங்கில் போய் இறங்கும், வேண்டாம் என்றேன். எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் புல்லர் என்ற கழற்றும் கருவியைப் போட்டு இழுத்தோம். புல்லி ஷாஃப்ட்டில் தனியாகச் சுழலாமல் பிடிக்கும் கீ என்ற இரும்புத் துண்டு தேய்ந்திருந்ததால் அதையும் புதுசாகப் போட்டு, புல்லி நகராமல் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூவை இறுக்கினேன். இரண்டு புல்லியின் முகத்திலும் நேரான இரும்புப் பட்டியை வைத்து, நான்கு இடமும் படும்வரை நகர்த்தினேன். பெல்ட் இரண்டும் சேர்த்தே புதுசு. புல்லிகளுக்கு இடையே அரை மீட்டர், நடுவில் அழுத்தினால் 8 மில்லிமீட்டர் இறங்கும்படி வைத்தேன். அரை மணி ஓட்டியதும் கொஞ்சம் தளர்ந்தது, மறுபடி இறுக்கினேன்.

பதினோரு வாரமாக அதே பெல்ட்தான் ஓடுகிறது. நேற்று மூன்றாம் நம்பர் டிரையரைத் திறந்தேன். அங்கேயும் காடியின் அடி லேசாக மின்னத் தொடங்கியிருக்கிறது. 3 இன்ச்சில் இன்னொன்று சொல்லிவைத்திருக்கிறேன்.