கசானில் பிப்ரவரி

பிப்ரவரி 4, சனி

வீக்கம் வடியவில்லை. வலது முட்டி, உள்பக்கம். நீட்டினால் ஓரிடத்தில் சிக்கிக்கொள்கிறது. முட்டிக்குள் இருக்கும் குருத்தெலும்பு, மெனிஸ்கஸாகத்தான் இருக்கும். ரஷ்யாவின் கசானில் ஐந்தாம் ஆண்டு மருத்துவம் படிப்பவளுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டாம். வீக்கம் குறையட்டும், அப்புறம் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார் எலும்பு மருத்துவர். மார்ச் 3-ல் தேதி கிடைத்திருக்கிறது. அதுவரை ஊன்றுகோல்.

அம்மாவிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 5

தூக்கம் இல்லை. மனசு அந்த ஒரு நொடிக்கே போகிறது. விழாவுக்காக கசான் பக்கத்து மக்களான தாத்தார்களின் நடனம் பழகுகிறோம். எங்கள் ஒத்திகை முடிந்து, பையன்கள் பிரிஸ்யாத்கா பழகிக்கொண்டிருந்தார்கள். குந்தி உட்கார்ந்து, எழுகிற வேகத்தில் ஒரு காலை முன்னால் வீசி, மறுபடி குந்துவது. பொதுவாக ஆண்கள் ஆடுவது. ஒன்பது வருஷம் பரதம் ஆடியவள், ஒரு வர்ணம் முழுக்க அரைமண்டியில் நின்றவள், இது வராதா என்று இறங்கிவிட்டேன்.

இரண்டும் வேறு வேறு. அரைமண்டியில் முட்டி வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், உடம்பு அந்த உயரத்திலேயே தங்கும். இங்கே முழுமண்டி வரை போய், தங்காமல் துள்ள வேண்டும். நான் பழக்கத்தில் முட்டியை வெளியே திருப்பினேன். ரப்பர் அடி வைத்த ஷூ தரையைப் பிடித்துக்கொண்டது, பாதம் திரும்பவில்லை. உள்ளே ஏதோ நழுவியதை உணர்ந்தேன். வலி கொஞ்சம் கழித்துத்தான் வந்தது.

பிப்ரவரி 7

அறைத்தோழி கட்டில் முழுக்கக் காசுகளைப் பரப்பி வைத்திருக்கிறாள். அவள் சுவாஷ், வோல்கா பக்கத்து மக்கள். விழாவுக்கு அவளுடைய பாட்டியின் துஹ்யாவைப் போட்டுக்கொள்ளப் போகிறாள். கல்யாணம் ஆகாத பெண்கள் அணியும் தொப்பி அது, உச்சியில் சின்னக் கூம்பு, சுற்றிலும் பாசிமணியும் வெள்ளிக்காசும். கல்யாணமானால் ஹுஷ்பு, அது வேறு வடிவம்.

நூல் இற்றுப்போய்ப் பத்துப் பன்னிரண்டு காசுகள் கழன்றிருந்தன. நான்தான் ஊசி கோத்துக் கொடுத்தேன். சில காசுகளில் ஜார் காலத்து இரட்டைத் தலைக் கழுகு தேய்ந்து கிடக்கிறது, சில வெறும் தகரம். தகரத்தைத் தட்டினால் சத்தம் மொண்ணையாக வருகிறது, வெள்ளி கணீரென்கிறது. நெற்றி ஓரத்தில் வெள்ளிதான் வர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தலையை அசைத்தால் முதலில் பேசுவது அந்த வரிசைதானாம்.

இன்னொரு வோல்கா மக்களான மோர்துவின் பெண்களைப் பற்றி இங்கே ஒரு பேச்சு உண்டு: முதலில் காதில் விழுவாள், அப்புறம்தான் கண்ணில் படுவாள். இடுப்புக்குப் பின்னால் கட்டும் புலாய் அப்படிக் கலகலக்கும். சலங்கை கட்டியவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. என் சலங்கை பெட்டிக்குள் இருக்கிறது. இன்று எடுக்கவில்லை.

பிப்ரவரி 8

மைனஸ் 19. கசான்கா ஆற்றின் பனி மேல் மீன்பிடிக்க உட்கார்ந்திருப்பவர்களை ஜன்னலிலிருந்து எண்ணினேன். பதினேழு பேர்.

பிப்ரவரி 10

1937-ல் இதே நாளில்தான் மொய்சேயெவ் நாட்டுப்புற நடனக் குழுவின் முதல் ஒத்திகை நடந்தது. காலையிலிருந்து அவர்களுடைய காணொளிகள்தான். கல்மிக் நடனத்தை மூன்று முறை பார்த்தேன். தோள் நடுங்குகிறது, கை சிறகாகிறது, இடுப்புக்கு மேல் ஒரு புல்வெளிப் பறவை. கல்மிக்குகள் ஐரோப்பாவுக்குள் வாழும் பௌத்தர்கள், மங்கோலிய வழியில் வந்த மொழி பேசுகிறவர்கள். அடுத்த காணொளி ரஷ்யக் கிராமத்து நடனம், அதற்கடுத்தது தாத்தார். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே தலைப்பு: "ரஷ்ய நடனம்". 190-க்கும் மேற்பட்ட மக்கள் இனங்கள் வாழும் நாட்டை அந்த இரண்டு சொல்லில் அடைப்பது எனக்குப் பொறுக்கவில்லை. போன வருஷம் வரை நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இகோர் மொய்சேயெவ் பல்ஷோய் அரங்கில் பாலே ஆடியவர். நூற்றொரு வயது வாழ்ந்து 2007-ல் இறந்தார். ஊர் ஊராக இருந்த ஆட்டங்களை எடுத்து பாலே கற்ற உடம்பில் ஏற்றினார். அழகு, மறுக்க மாட்டேன். ஆனால் முப்பது கால்கள் ஒரே உயரத்தில் எழும்போது எந்த ஊர்க் கால் எது என்று எப்படித் தெரியும்? மதியம் முழுக்க இதே யோசனை. முட்டிக்கு ஐஸ் வைக்கவும் மறந்துவிட்டேன்.

பிப்ரவரி 12

படி ஏற முடியாததால் கீழே வாசல் பாட்டியின் மேஜைக்குப் பக்கத்திலேயே படிக்கிறேன். விடுதிக்குள் யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று பார்ப்பது அவர் வேலை. உக்ரைன் எல்லையை ஒட்டிய பெல்கொரோத் பக்கத்து கிராமம், கட்டிக்கொடுத்தது கசானில்.

"ஹொரவோத் எல்லாம் வடக்கத்திப் பேச்சு, மகளே. எங்கள் ஊரில் கரகோத்" என்றார். பாடிக்கொண்டே வட்டமாக ஆடும் ஆட்டத்தைச் சொல்கிறார்.

அவருடைய அக்கா இன்று தொலைபேசியை எடுக்கவில்லை.

பிப்ரவரி 13

அக்கா எடுத்துவிட்டார். பாட்டி எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்தார்.

பிப்ரவரி 14

சமையலறையில் பெரிய வாக்குவாதம். சைபீரியாவின் யாகூத் பெண் சொன்னாள், அவர்களுடைய வட்ட ஆட்டமான ஒசுவொஹாய் சூரியன் போகும் திசையில்தான் சுற்றும், ஜூன் மாத இஸ்யாஹ் திருவிழாவில் மணிக்கணக்கில் ஆடுவார்கள், ஒருவர் அப்போதைக்கப்போது பாட்டுக்கட்டி ஓர் அடி பாட, வட்டம் அதைத் திருப்பிப் பாடும். புரியாத் பையன், அவனும் சைபீரியாதான், எங்கள் யொஹோரும் சூரியன் திசைதான் என்றான். அப்படியென்றால் யார் யாரிடமிருந்து கற்றது என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குப் பாளையங்கோட்டையில் சித்தி வீட்டு முற்றத்தில் அடித்த கும்மி ஞாபகம் வந்தது. அங்கேயும் ஒருத்தி பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவோம். நாங்கள் எந்தத் திசையில் சுற்றினோம்? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அம்மாவைக் கேட்கலாம். கேட்டால் காலைப் பற்றிப் பேச்சு வரும்.

பிப்ரவரி 15

கேட்கவில்லை.

பிப்ரவரி 18

ஆசிரியை பார்க்க வந்தார். விழாவில் என் இடத்தில் வேறு பெண் ஆடுவாள். நான் தலையாட்டினேன். அவர் போன பிறகு அழுதேன்.

ஐந்து மாதம் பழகிய தாத்தார் நடனம். முதல் மாதம் முழுக்க அவர் சொன்னது ஒன்றுதான்: "கையைக் குறை. உன் கை ரொம்பப் பேசுகிறது." தாத்தார் பெண் பாவாடையை இரு விரலால் பிடித்திருப்பாள், அல்லது முகத்தைக் கொஞ்சம் மறைப்பாள், அவ்வளவுதான். வேலையெல்லாம் பாதத்தில். போர்மா என்று ஓர் அடி: குதிகாலும் நுனிக்காலும் மாறி மாறித் திரும்ப, பாதம் தரையை விட்டுக் கிளம்பாமலே பக்கவாட்டில் நகரும். இன்னொன்று பிஷெக், அதாவது தொட்டில். கால்களைக் குறுக்கே வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டுவது. மெல்லிய தோல் இசிகி பூட்ஸ் போட்டு ஆடும்போது தரை உள்ளங்காலுக்கே தெரியும்.

முத்திரை பிடிக்காமல் நிற்கக் கற்றுக்கொள்வதற்கு எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. இப்போதுதான் வந்தது. இப்போது போய்.

பிப்ரவரி 19

பெரியோஸ்கா பெண்கள் நடனக் குழுவின் மிதக்கும் நடையை அதை நிறுவிய நடெஜ்தினா 1948-ல் மேடைக்குக் கொண்டுவந்தபோது ஆடியவர்கள் கலீனின் பகுதிக் கூட்டுப்பண்ணைப் பெண்கள். சக்கரம் கட்டியிருக்கிறார்களா என்று பார்த்தவர்கள் கேட்டார்களாம். நுனிக்காலில், மிகச் சின்ன அடிகள், முட்டி லேசாக மடிந்து, இடுப்புக்கு மேல் எதுவும் அசையாமல். தரை வரை தொங்கும் சரஃபான் எல்லாவற்றையும் மூடிவிடுகிறது.

முட்டி லேசாக மடிந்து. படுத்தபடியே மடக்கிப் பார்த்தேன். சிக்கியது.

பிப்ரவரி 21

இன்று கற்றதை மறப்பதற்குள் எழுத வேண்டும்.

மதியம் ஆள் நடமாட்டம் இல்லை. பாட்டி வாலென்கி என்ற கம்பளி பூட்ஸைக் கழற்றி ஹீட்டருக்குக் கீழே வைத்துவிட்டு, கம்பளிக் காலுறையோடு நாற்காலியிலேயே உட்கார்ந்து ஒரு பாட்டை முணுமுணுத்தார். இரண்டு எண்ணிக்கையில் போகிற பாட்டு. கால் மட்டும் அதோடு போகவில்லை. பாட்டுக்குக் குறுக்கே வேறொரு கணக்கில் தட்டியது. நான் மேஜையில் தாளம் போட்டுப் பிடிக்கப் பார்த்தேன். இரண்டுக்கு மூன்று என்று தோன்றியது, பிடித்துவிட்டேன் என்று நினைத்த இடத்தில் மாற்றிவிட்டார். இதற்குப் பெயர் பெரெசேக். வெட்டிச் செல்வது என்று அர்த்தம் வரும். பெல்கொரோத் பெண்கள் கரகோத்தில் இப்படித்தான் பாடிக்கொண்டே ஒருவர் தட்டை இன்னொருவர் வெட்டுவார்களாம்.

"எல்லாரும் ஒன்றாகத் தட்டினால் அது ராணுவம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துச் சொன்னார்.

பத்தாம் தேதி நான் கேட்ட கேள்விக்கு இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் பதில் வைத்திருக்கிறார். எழுபத்து மூன்று வயது, கால் நரம்பெல்லாம் புடைத்திருக்கிறது. அந்தக் காலில் ஒரு ஊர் இருக்கிறது. அவர் ஆடாவிட்டால் அந்த ஊர் ஆடுவது எப்படி என்று யாருக்குத் தெரியும்? கைப்பேசியில் படம்பிடிக்கட்டுமா என்று கேட்டேன். தலைமுடி சீவவில்லை, நாளைக்கு என்றார்.

பிப்ரவரி 22

பாட்டிக்கு விடுப்பு.

பிப்ரவரி 23

விடுமுறை. தாழ்வாரத்தில் தாகெஸ்தான் பையன்களின் லெஸ்கின்கா, காகசஸ் மலைநாட்டு ஆட்டம். அந்த ஒரே அறையில் அவார், தார்கின், லாக், கூமிக் என்று நாலு மொழி, தங்களுக்குள் ரஷ்யனில்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் மேளம் கேட்டால் நாலு பேரும் ஒரே கழுகு. எதிரே வந்த பெண்ணின் விரலைக்கூடத் தொடாமல், விலகாமல், அவள் வழியை மறித்து மறித்து ஆடினான் ஒருவன். அவர்களுக்குப் பக்கத்தில் தெரெக் ஆற்றங்கரையில் குடியேறிய ரஷ்யப் போர்வீரர் சமூகமான கோசாக்குகளும் லெஸ்கின்கா ஆடுவார்கள். பக்கத்து ஊர்க்காரனோடு சண்டை போட்டுக்கொண்டே அவன் ஆட்டத்தைக் கற்றுக்கொள்வது எவ்வளவு பெரிய விஷயம்!

பிப்ரவரி 26, ஞாயிறு

தவக்காலத்துக்கு முந்தைய வாரத் திருவிழாவான மாஸ்லெனித்சாவின் கடைசி நாள். விடுதிக்குப் பின்னால் வைக்கோல் பொம்மை, பிளினி என்ற மெல்லிய அப்பம், புகை. நான் சுவரோரம் நின்றேன். ஹொரவோத் ஆரம்பித்தது, எல்லாரும் ஓடிப்போய்க் கைகோத்தார்கள். பாட்டி மட்டும் என்னிடம் வந்து, முதலில் "என்னை மன்னித்துவிடு" என்றார். இந்த ஞாயிறில் எல்லாரும் எல்லாரிடமும் கேட்பது. என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் வாய் வரவில்லை.

அப்புறம் என் இடது கையைப் பிடித்து உயர்த்தினார். "நீ நட. இல்லை, நடக்காதே. நில். வாசல் வேண்டும்."

வரோத்சா. இரண்டு பேர் கையை உயர்த்தி நிற்க, வட்டம் அறுந்து ஒரு வரிசையாகி அந்த வாசலுக்குள் நுழைந்து போகும். வலது அக்குளில் ஊன்றுகோல், இடது கை பாட்டியின் கையுறைக்குள். சுவாஷ், தாத்தார், யாகூத், தாகெஸ்தான் பையன்கள், என் கூடப் படிக்கும் மதுரைப் பையன், எல்லாரும் குனிந்து குனிந்து போனார்கள். அறைத்தோழி குனிய மறந்து துஹ்யா என் மணிக்கட்டில் இடித்தது. வெள்ளி வரிசை. கணீரென்றது. கை கடுத்தும் இறக்கவில்லை.

பிப்ரவரி 28

அக்கா எடுக்கவில்லை. மூன்று நாளாக.

மார்ச் 2

வாசல் மேஜையில் வேறு ஒருவர். ஊருக்குக் கிளம்பிவிட்டாராம், நேற்று ராத்திரி ரயில். வாலென்கி ஹீட்டருக்குக் கீழேயே இருக்கிறது.

மார்ச் 3

ஸ்கேன் முடிந்தது. முடிவு திங்கள்கிழமை. குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்த நேரமெல்லாம் அந்தத் தட்டைத்தான் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். இடது, வலது வரை வருகிறது. மூன்றாவது தட்டு குதிகாலா, நுனிக்காலா