யெம்ரெஹானா கிறிஸ்தோஸ்: குகைக்குள் ஒரு தேவாலயம்

8 ஜனவரி 2019, லாலிபெலா

கென்னா நேற்றோடு முடிந்தது. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸுக்கு அதுதான் பெயர், ஜனவரி 7-இல்தான் வரும். வெள்ளை நெதெலா சால்வை போர்த்திய கூட்டம் மூட்டையும் கைத்தடியுமாக மலையிறங்கிக்கொண்டிருக்கிறது. பாறையைக் குடைந்த 11 தேவாலயங்களையும் பார்த்தாயிற்று. நாளை யெம்ரெஹானா கிறிஸ்தோஸ். வண்டிக்காரர் "2 மணிக்குப் புறப்படலாம்" என்றார். அதாவது காலை 8. இங்கே கடிகாரம் விடியலிலிருந்து எண்ணப்படுகிறது, நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி.

9 ஜனவரி, புதன்

சுமார் 40 கிலோமீட்டர்தான். மலைப்பாதை, இரண்டு மணி நேரம் ஆனது. இந்தச் சாலை வருவதற்கு முன் நடை, இல்லாவிட்டால் கோவேறு கழுதை. வண்டி நின்ற இடத்திலிருந்து ஜூனிப்பர் மரங்களுக்கு நடுவே படி ஏற வேண்டும். வழியெல்லாம் மொட்டை மலையும் பார்லி வயலுமாகப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு இந்தக் காடு திகைப்பாக இருந்தது. எத்தியோப்பிய மலைநாட்டில் பழைய மரம் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் தேவாலயத்தைச் சுற்றித்தான். சாமி மரத்தில் யார் கோடாலி வைப்பார்கள்?

குகை வாயிலைப் பின்னாளில் சுவர் வைத்து அடைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் இருட்டு, குளிர். கண் பழகியதும் கட்டடம் தெரிகிறது. லாலிபெலாவில் இருப்பவை குடைந்தவை, இது கட்டியது. ஒரு வரிசை மரம், ஒரு வரிசை வெள்ளைச் சாந்து பூசிய கல், மறுபடி மரம். நம் கோயில் மதிலின் காவிப் பட்டையைப் படுக்கைவாட்டில் போட்டது போல. சன்னல்களில் சிலுவை வடிவப் பின்னல். உள்ளே மரக் கூரை முழுக்கச் சதுரம் சதுரமாக வேலைப்பாடு. சுவரோவியங்கள் மங்கிவிட்டன, ஆனால் எத்தியோப்பியாவில் எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையவற்றில் இவையும் சேர்த்தி.

கட்டியவர், லாலிபெலா என்ற அரசருக்கு (ஊருக்கும் அவர் பெயர்தான்) முன் ஆண்ட ஸாக்வே வம்ச அரசர் யெம்ரெஹானா கிறிஸ்தோஸ். அரசரும் அவரே, குருவும் அவரே. அவர் பூசை வைக்கும்போது அப்பமும் திராட்சரசமும் வானிலிருந்தே இறங்கும் என்பது ஐதீகம். மரம் எகிப்திலிருந்து வந்ததாம். கட்டடத்துக்கு அடியில் ஏரி இருக்கிறதாம். கெஸ் (குருவை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) தரையில் ஒரு சின்ன மரக் கதவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஈர மண். ஏரியோ ஊற்றோ, அவருக்கு அதில் துளியும் சந்தேகம் இல்லை. துணி போர்த்திய அரசர் கல்லறையைச் சுற்றி வந்து தொட்டுக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடல் எனக்கு அந்நியமாகவே படவில்லை.

பின்பக்கம் நூற்றுக்கணக்கான உடல்கள். பாயில் சுற்றியவை, பாய் இற்றுப்போனவை, முடி உதிராத மண்டை ஓடுகள். எகிப்திலிருந்தும் எருசலேமிலிருந்தும் வந்து இங்கேயே உயிர்விட்ட யாத்திரிகர்கள் என்கிறார்கள், கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்றும் சொல்கிறார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் தேவாலயத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேரே அங்கே போய் ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள். எரிச்சலாக இருந்தது. நான் படம் எடுக்கவில்லை.

மதியம் ஷிரோவும் (கடலை மாவுக் குழம்பு) இன்ஜெராவும் (புளித்த மாவில் சுட்ட தோசை மாதிரி). கென்னா முடிந்தாலும் புதன் புதன்தான், விரத நாள், கறி கிடையாது.

10 ஜனவரி

1520-களில் இந்தப் பக்கம் வந்த போர்த்துகீசியப் பாதிரி பிரான்சிஸ்கோ அல்வாரெஸ் இந்தக் குகையைப் பற்றி எழுதியிருக்கிறார்: மூன்று பெரிய கப்பல்களைப் பாய்மரத்தோடு நிறுத்தலாமாம். கடலோடி வந்தவர் கப்பலில்தானே அளப்பார்! கொஞ்சம் தாராளமான அளவு என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம் அந்த மரமும் கல்லும் மாறி மாறி வரும் சுவர். அது ஸாக்வே காலத்துக்கும் முந்தைய அக்சும் அரசின் பாணி. இதே பாணியில் இன்னும் பழைய தேவாலயம் வடக்கே திக்ராய் பகுதியில் டெப்ரே டாமோ மடத்தில் இருக்கிறது. செங்குத்தான பாறையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். கயிறு பரவாயில்லை, பழகிக்கொள்ளலாம். ஆனால் அங்கே பெண்களை ஏற விடமாட்டார்கள். ஆக, எனக்கு இந்தச் சுவர்தான். அதனால்தான் நேற்று அதன் முன்னால் அவ்வளவு நேரம் நின்றேன், வண்டிக்காரர் இரண்டு முறை வந்து கூப்பிடும்வரை.