ஆண்டு நடுவில் கலிபோர்னியாவை விட்டு டெக்சாஸ் போனால்: எந்தத் தேதி வரை வரி?

ஜூலையில் சான் ஹோசே வீட்டைக் காலி செய்து ஆஸ்டினில் குடியேறினால், அந்த ஆண்டுக்கு நீங்கள் கலிபோர்னியாவில் பார்ட்-இயர் ரெசிடென்ட், அதாவது ஆண்டில் ஒரு பகுதி மட்டும் அங்கு வசித்தவர். முழு ஆண்டும் வசித்தவர்களுக்கான 540 வரிப் படிவத்துக்குப் பதில் 540என்ஆர் படிவம். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது. ஆகவே குடிபெயர்ந்ததாக நீங்கள் சொல்லும் தேதி கலிபோர்னியாவின் வரித்துறையான எஃப்டிபி-க்கு முக்கியம்.

183 நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த மாநில ரெசிடென்ட் இல்லை என்ற கணக்கைப் பலரும் பிடித்துக்கொள்கிறார்கள். கலிபோர்னியாவில் அது செல்லாது. வாழ்க்கை எங்கே வேரூன்றியிருக்கிறது, போனது தற்காலிகமாகவா நிரந்தரமாகவா என்றுதான் பார்ப்பார்கள். ஆஃபர் லெட்டரில் உள்ள ஜாயினிங் தேதி மட்டும் போதாது. லீஸ் முடிந்த நாள், மூவிங் கம்பெனி பில், புது வீட்டில் கரண்ட் கனெக்‌ஷன் எடுத்த நாள், பிள்ளைகளின் பள்ளி மாற்றம் எல்லாம் ஒரே வாரத்தைச் சுட்டினால் தேதி உறுதி. டெக்சாஸில் 30 நாளில் காரைப் பதிய வேண்டும், 90 நாளில் லைசென்ஸ் மாற்ற வேண்டும், தள்ளிப்போடாதீர்கள். கணவர் ஜூனில் போய், மனைவியும் பிள்ளைகளும் டிசம்பர் வரை பழைய வீட்டிலேயே இருந்தால் கணவரின் தேதியும் கேள்விக்குள்ளாகும்.

அடுத்தது வரி விகிதம். பாதி ஆண்டுச் சம்பளத்துக்குத்தானே வரி, குறைந்த ஸ்லாபில் வருவோம் என்று நினைத்தால் ஏமாற்றமே. ஆண்டு முழுவதும் 1.6 லட்சம் டாலர், அதில் கலிபோர்னியா பங்கு 80,000 என்றால், முதலில் 1.6 லட்சத்துக்கும் வரி போட்டு அதன் சராசரி விகிதத்தைக் கண்டுபிடித்து, அந்த விகிதத்தைத்தான் கலிபோர்னியா பங்கின் மீது வைப்பார்கள்.

அதிகம் பேர் தவறுவது ஆர்எஸ்யு-வில், அதாவது நிறுவனம் ஊழியருக்குத் தரும் பங்குகளில். அவை கைக்கு வரும் (வெஸ்ட் ஆகும்) நாளில் ஆஸ்டினில் இருந்தாலும், தருவதாக அறிவித்த கிராண்ட் நாள் முதல் வெஸ்ட் நாள் வரை எத்தனை வேலை நாட்கள் கலிபோர்னியாவில் என்பதுதான் கணக்கு. மொத்தம் 500 வேலை நாள், அதில் 400 கலிபோர்னியாவில் என்றால், வெஸ்ட் ஆன 50,000 டாலரில் 40,000 கலிபோர்னியா வருமானம். குடிபெயர்ந்த பின் சான் ஹோசே அலுவலகத்துக்குப் போய் வேலை பார்த்த நாட்களின் சம்பளமும் அப்படியே. பங்கை விற்று வரும் லாபம் வேறு: விற்ற நாளில் எந்த மாநில ரெசிடென்ட்டோ, அந்த மாநிலத்துக்கு. கலிபோர்னியாவில் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால், அந்த வாடகை எப்போதும் கலிபோர்னியா வருமானம்தான்.

நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள-வரிப் படிவமான டபிள்யூ-2 வந்ததும் பாக்ஸ் 15 (மாநிலம்), 16 (அந்த மாநிலச் சம்பளம்), 17 (பிடித்த மாநில வரி) மூன்றையும் பாருங்கள். பேரோலில் முகவரி மாற்றச் சொல்லியும் இரண்டு மூன்று மாதம் பழைய மாநிலத்துக்கே வரி பிடித்திருப்பார்கள்; சில சமயம் ஆண்டு முழுச் சம்பளமும் பாக்ஸ் 16-இல் கலிபோர்னியா பெயரில் நிற்கும். அதை அப்படியே விட்டு 540என்ஆரில் குறைத்துக் காட்டினால், இரண்டு எண்ணும் ஒத்துவராமல் நோட்டீஸ் வரும். நிறுவனத்திடம் முதலில் திருத்திய படிவமான டபிள்யூ-2சி கேளுங்கள். கூடுதலாகப் பிடித்த வரி ரிட்டர்ன் வழியாகத் திரும்பக் கிடைக்கும்.

பொதுவாக, தாக்கல் செய்த நாளிலிருந்து நான்கு ஆண்டு வரை எஃப்டிபி கேட்கலாம். மூவிங் பில், லீஸ் கடிதம், வேலை நாள் பட்டியல் மூன்றையும் அதுவரை ஒரே ஃபோல்டரில் வைத்திருங்கள்.