நரம்பு வழியே ஏறும் புற்று: எம்ஆர்ஐ படங்களில் தேடும் முறை

உமிழ்நீர்ச் சுரப்பியின் அடினாய்டு சிஸ்டிக் புற்றும் முகத்தோலின் செதிள் செல் புற்றும் நரம்பை ஒட்டியே மண்டையோட்டுக்குள் ஏறக்கூடியவை. கட்டி இருக்கும் இடத்தை மட்டும் படமெடுத்தால் இது சிக்காது. கீழ்த்தாடையிலிருந்து மூளைத்தண்டுவரை எடுக்க வேண்டும், ஒவ்வொரு ஸ்லைஸின் (படத் துண்டின்) தடிமனும் 3 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. திசுப் பரிசோதனை முடிவு, முகத்தில் எங்கே மரத்துப்போயிருக்கிறது, முன்பு என்ன அறுவை நடந்தது என்ற விவரங்களை ஸ்கேன் கோரிக்கையிலேயே எழுதி அனுப்புங்கள். எந்த அறிகுறியும் இல்லாமலே பரவியிருக்கும் நோயாளிகளும் நிறைய.

கதிரியக்க மருத்துவர்களான நாங்கள் முதலில் திறப்பது கான்ட்ராஸ்ட் (ஒளிரவைக்கும் ஊசி மருந்து) போடாத, கொழுப்பின் வெண்மையை அடக்காத டி1 எனும் எம்ஆர்ஐ வகைப் படம். அதில் நரம்புகளைச் சுற்றியுள்ள கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். மேல்தாடைக்குப் பின்னுள்ள டெரிகோபாலடைன் குழி, மண்டையோட்டின் அடியில் உள்ள ஃபொரமென் ஓவாலே என்ற துளைக்குச் சற்றுக் கீழே, கீழ்த்தாடைத் துளை, முகநரம்பு வெளியேறும் ஸ்டைலோமாஸ்டாய்டு துளை ஆகிய இடங்களில் இடதையும் வலதையும் ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் வெண்மை மறைந்து சாம்பலாகியிருந்தால் அதுவே பெரிய துப்பு. அதன்பிறகுதான் கேடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, கொழுப்பை அடக்கி எடுத்த டி1 படம். நரம்பு தடித்து ஒளிர்கிறதா என்று அதில் பார்க்கிறோம்.

தடுமாற்றம் பெரும்பாலும் இங்கேதான். பல்லில் உள்ள உலோகமும் சைனஸ் காற்றும் கொழுப்பு அடக்கத்தைக் குலைத்துவிடும். அப்போது கொழுப்பையும் நீரையும் பிரித்துக் காட்டும் டிக்ஸன் முறை கைகொடுக்கும். ஃபொரமென் ஓவாலேயில் நரம்பைச் சுற்றிய சிரைவலை இயல்பாகவே ஒளிரும். சுற்றிலும் வெள்ளை வளையம், நடுவில் கருத்த நரம்பு என்றால் பயமில்லை. முகநரம்பின் வளைவில் உள்ள ஜெனிகுலேட் முடிச்சும் அப்படித்தான், ஒளிர்வதாலேயே அதைக் கட்டி என்று எழுதிவிடக் கூடாது.

மெல்லும் தசைகளையும் விடாமல் பாருங்கள். நரம்பிழந்த தசை தொடக்கத்தில் டி2 என்ற இன்னொரு வகைப் படத்தில் பளிச்சிடும், கான்ட்ராஸ்டையும் வாங்கும். கட்டி அங்கே நுழைந்துவிட்டதுபோல் ஏமாற்றும். நாளாக ஆகச் சுருங்கிக் கொழுப்பாகிவிடும். இது தெரிந்தால், முகத்தின் உணர்வைக் கடத்தும் ட்ரைஜெமினல் நரம்பில், மெல்லும் தசைகளை இயக்கும் மூன்றாம் கிளையை வேர்வரை மறுபடி தேட வேண்டும். காதருகே உள்ள பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியின் கட்டியில் முகநரம்போடு நிறுத்தவே கூடாது, ஆரிகுலோடெம்போரல் நரம்பு வழியாக அது மூன்றாம் கிளைக்குத் தாவும். இடையில் நரம்பின் ஒரு பகுதி இயல்பாகத் தெரிந்தாலும், அதற்கு மேலே நோய் இருக்கலாம்.

சிடி-யில் துளை அகன்று தெரிவது தாமதமான அடையாளம். குளுக்கோஸ் ஏற்பைக் காட்டும் பெட் ஸ்கேனில் மெல்லிய நரம்பு நழுவிவிடும், மூளை இயல்பாக ஏற்கும் குளுக்கோஸும் அருகில் இருப்பதை மறைக்கும்.

அறிக்கையில் ‘நரம்பு வழிப் பரவல் உண்டு’ என்று மட்டும் எழுதினால் போதாது. எந்தக் கிளை, எந்தத் துளை, ட்ரைஜெமினல் நரம்பின் முடிச்சு இருக்கும் மெக்கல் குகையையோ அதன் அருகில் உள்ள சிரைக்குழியான கேவர்னஸ் சைனஸையோ எட்டியதா என்பதைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். அறுவை செய்ய முடியுமா, கதிர்வீச்சை எதுவரை கொண்டுபோவது என்பதை அதை வைத்தே முடிவு செய்கிறார்கள்.