வார்ப்பிரும்பு புல்லட் 350: வீட்டில் டியூனிங், ஜூன் 2025

ஜூன் 7, சனி

வண்டி 1993 மாடல் புல்லட் 350, திருவொற்றியூர் தயாரிப்பு. வார்ப்பிரும்பு சிலிண்டர், அலுமினிய ஹெட், பாயிண்ட் வைத்த இக்னிஷன், மிக்கார்ப் வி.எம்.24 கார்புரேட்டர், நான்கு கியர் ஆல்பியன் பெட்டி. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., 346 சிசி, 18 குதிரைத்திறன்.

குறைகள்: சூடானால் கிக்கருக்கு எடுப்பதில்லை. 50, 60 வேகத்தில் மிஸ்ஸிங். ஐடிலிங் நிலையாக நிற்பதில்லை. மேட்டில் இழுவை போதவில்லை.

இந்த நான்கும் சேர்ந்து வந்தால் பெரும்பாலான கைகள் நேராகக் கார்புரேட்டருக்குத்தான் போகும். இந்த வண்டியிலும் போயிருக்கிறது. மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகு) கழற்றிப் பார்த்தால் முகப்பில் எண் தெரிகிறது, ஆனால் துளை அந்த எண்ணுக்கு உரியது அல்ல. ஓரத்தில் பிசிறு நிற்கிறது. டிரில் விட்டுப் பெரிதாக்கியிருக்கிறார்கள். ஸ்பார்க் கோளாறுக்குப் பெட்ரோலைக் கூட்டி வைத்தியம் பார்த்த கதை.

வேலை வரிசை இதுதான்: டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (திறந்து மூடி ஸ்பார்க் வரவைக்கும் சுவிட்ச்), டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), காற்றுக் கசிவு, எல்லாம் முடிந்த பிறகு கார்புரேட்டர். வரிசை மாறினால் ஒரு குறை இன்னொன்றை மறைத்துவிடும், பிறகு எதைத் தொட்டதால் எது மாறியது என்றே தெரியாது.

இன்று ஆயில் மட்டும். பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அடியில் உள்ள வடிகால் பிளக்குகள் இரண்டையும் கழற்ற வேண்டும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் டேங்கிலிருந்து கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். ஒரு பிளக்கை மட்டும் கழற்றினால் அந்தப் பழைய ஆயில் உள்ளேயே கிடக்கும். முதல் கிக்கில் வெண்புகை கொட்டுவதற்கும் காரணம் இதுதான். புகையைப் பார்த்துப் பிஸ்டன் ரிங் மாற்றக் கிளம்பத் தேவையில்லை.

மொத்தக் கொள்ளளவு 2.25 லிட்டர். வடித்தபின் 2 லிட்டர் ஊற்றிவிட்டு மீதியை ஆயில் கம்பி பார்த்து நிரப்பலாம். 20டபிள்யூ-50 கனிம ஆயில் போதும்.

ஃபில்டர் மாற்றினால் டைமிங் கவரில் கிராங்க் முனைக்கு நேராக உள்ள ஃபீட் பிளக்கைக் கழற்றி, சாவி போடாமல் கிக்கரை மிதித்து, அங்கே ஆயில் எட்டிப்பார்த்த பிறகே மூட வேண்டும். அதன் உள்ளே இருக்கும் கார்க் சீல் நைந்திருந்தால் பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடிக்கும் இடம்) போகவேண்டிய ஆயில் வழியிலேயே கசிந்துவிடும். சீல் விலை சொற்பம். கனெக்டிங் ராடு வேலை அப்படி அல்ல.

எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) அரைச் சுற்று தளர்த்த வேண்டும். ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது.

ஜூன் 8, ஞாயிறு

டேப்பெட். எஞ்சின் ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் கடைக்குப் போய்வந்துவிட்டு உட்கார்ந்தால் அளவு தவறும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, மெயின் ஸ்டாண்டு போட்டு, டாப் கியரில் வைத்துப் பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுற்ற வேண்டும். பிளக் துளையில் விரல் வைத்தால் காற்று தள்ளும் இடம் கம்ப்ரஷன். அதன் உச்சிக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்தால் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.

சிலிண்டரின் வலப்பக்கம் உள்ள டேப்பெட் மூடி ஒரே நட்டில் நிற்கிறது. உள்ளே வால்வுகளை இயக்கும் இரண்டு புஷ் ராடுகள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) வேண்டாம், விரலே கேஜ்: ராடைச் சுழற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டினால் ஆட்டம் துளியும் இருக்கக்கூடாது. இன்லெட் ராடு சரியாக இருந்தது. எக்ஸாஸ்ட் ராடு விரலுக்குச் சுழலவே இல்லை.

சூடானால் எடுக்காததற்குப் பாதிக் காரணம் இங்கே இருக்கிறது. ஓட ஓட வால்வு தன் சீட்டில் தேய்ந்து உள்வாங்கும். தண்டு மேலேறும், இடைவெளி குறையும். சத்தம் வரவில்லையே என்று டேப்பெட்டைத் தொடாமல் விட்ட வண்டிகளில் இதுதான் நடக்கும். சூட்டில் வால்வு முழுதாக உட்காராது, கம்ப்ரஷன் கசியும், வால்வின் ஓரம் கருகும். டக் டக் என்று மெல்லிய ஒலி வரும் டேப்பெட் பரவாயில்லை. ஓசையே இல்லாத டேப்பெட்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரிசெய்ய மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும். சாதாரண ஸ்பேனரின் தடிப்பு நட்டுகளின் இடுக்கில் நுழையாது. பழைய ஸ்பேனர் ஒன்றைச் சாணைக்கல்லில் தேய்த்து 4 மி.மீ. தடிப்புக்குக் கொண்டுவந்தால் போதும். லாக் நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, ராடு சுழலத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது அளவு கொஞ்சம் நகரும். ஆகவே இறுக்கியபின் மீண்டும் விரலால் சுழற்றிப் பார்க்காமல் மூடக்கூடாது. பிறகு எஞ்சினை இரண்டு முழுச் சுற்று சுற்றி அதே இடத்துக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை.

மூடியில் ஆயில் கசிந்தால் நட்டை இன்னும் முறுக்குவதுதான் வழக்கம். முறுக்க முறுக்க மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கும், கசிவு கூடும். கடைசியில் ஸ்டட் மரையோடு கையில் வரும். மூடியைக் கண்ணாடிப் பலகை மேல் எமரி தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கி, புதுப் பேக்கிங்கில் கிரீஸ் தடவிப் போட்டால் சிறிய ஸ்பேனரின் இறுக்கமே போதும்.

ஜூன் 14, சனி

பிரைமரி கேஸைத் (எஞ்சினிலிருந்து கிளட்சுக்குப் போகும் செயின் உள்ள பெட்டி) திறந்தாயிற்று. ஒரே பெரிய நட்டு, ஒரு ரப்பர் சீல். உள்ளே 420 மி.லி. ஆயில். செயின் ஆட்டம் இறுக்கமான இடத்தில் 6 மி.மீ. இருக்க வேண்டும். செயின் ஒரே சீராகத் தேய்வதில்லை, ஆகவே சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்த்து, அதில் இறுக்கமான இடத்தை வைத்துத்தான் டென்ஷனரை நகர்த்த வேண்டும். ஆல்டர்னேட்டர் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே 0.2 மி.மீ. ஃபீலர் சுற்றிலும் நுழைகிறது. உரசல் இல்லை.

கிளட்ச் பிளேட் மேலேறும்போது ஒரு பக்கம் சாய்ந்தால் ஸ்பிரிங் நட்டுகளில் திருத்த வேண்டும். கிளட்ச் கேபிளில் லீவரண்டை 2, 3 மி.மீ. தளர்வு.

முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் நிதானமாக ஓடும் என்பார்கள். 18 குதிரைத்திறனுக்கு அது மேட்டில் தண்டனை. அதுவும் இந்தப் பல்சக்கரம் கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தொடவில்லை.

கேஸை இன்னும் மூடவில்லை. அடுத்து டைமிங் பார்க்கப் பாகை வட்டம் (பாகைகள் குறித்த தட்டு) மாட்ட ரோட்டர் நட்டு தேவை.

ஜூன் 15, ஞாயிறு

பாயிண்ட். மூடியைத் திறந்ததும் ஒரு முனையில் மேடு, எதிர் முனையில் குழி. உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவியிருக்கிறது. பாயிண்டில் பொறி பறக்காமல் தடுக்கும் கண்டன்சர் போய்விட்டது அல்லது போய்க்கொண்டிருக்கிறது. இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பாயிண்டைப் பார்த்தால் கொழுத்த நீலப் பொறி தெரியும். நல்ல கண்டன்சர் இருந்தால் பொறி கண்ணுக்குப் பட்டும் படாமலும் இருக்கும். குறை உள்ள கண்டன்சர் குளிரில் ஒழுங்காக ஓடி, சூட்டில் காலை வாரும். சூட்டில் எடுக்காததன் மறுபாதி இது. பாயிண்டும் கண்டன்சரும் ஒன்றாகவே மாற்றப்பட்டன. மேட்டை அரம் போட்டுத் தேய்த்து ஓட்டினால் சில நூறு கிலோமீட்டரில் அதே குழி திரும்பும்.

புதுப் பாயிண்டின் முகங்களில் துரு பிடிக்காமலிருக்கத் தடவிய பூச்சு இருக்கும். பெட்ரோலில் நனைத்த வெள்ளைத் தாளை நடுவில் இழுத்துத் துடைக்காவிட்டால் முதல் நாளே ஸ்பார்க் வராது. பாயிண்டைத் திறக்கும் கேமில் அரிசியளவு கிரீஸ். அதற்குமேல் போனால் தெறித்துப் பாயிண்டில் ஒட்டும்.

முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். பாயிண்ட் முழுதாகத் திறந்த இடத்தில் 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னேறும். குறைந்தால் பின்தங்கும். கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்குவதால் ஓடும் வண்டியில் டைமிங் எப்போதும் பின்தங்கும் பக்கமே நகரும். இழுவை மெல்ல மெல்லக் குறைந்து, ஓட்டுபவருக்கே தெரியாமல் போவது இப்படித்தான்.

டைமிங் அளவு: அட்வான்ஸ் எடைகள் (வேகம் கூடும்போது விரிந்து டைமிங்கை முன்னேற்றுபவை) சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளை சாய்வானது. அதில் கம்பி விட்டு அளந்தால் சாய்வுக்கேற்ப அளவு பொய்யாகும். கம்பி உள்ளே மாட்டிக்கொள்ளவும் கூடும். பாகை வட்டம் நம்பகமானது. 0.8 மி.மீ. இந்த ஸ்ட்ரோக்கில் ஏறத்தாழ ஒன்பதரைப் பாகை. பாதி அளவான 0.4 மி.மீ. அந்தப் பாகையில் பாதி அல்ல, கிட்டத்தட்ட ஏழு பாகை. உச்சி அருகே பிஸ்டன் அவ்வளவு மந்தமாக நகர்கிறது. கண்ணளவில் உச்சியைப் பிடித்தால் நாலைந்து பாகை பிசகுவது இதனால்தான்.

உச்சியைக் கண்டுபிடிக்க: பழைய பிளக்கின் பீங்கானை உடைத்தெடுத்து, நடுவில் முனை மழுங்கிய போல்ட்டைப் பொருத்தி, பிளக் துளையில் மாட்ட வேண்டும். கையால் மெதுவாக ஒரு திசையில் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடத்தை வட்டத்தில் குறிக்க வேண்டும். எதிர்த் திசையில் முட்டும் இடத்தையும் குறித்தால் இரண்டுக்கும் நட்டநடு உச்சி. கிக்கரையோ சாவியையோ இந்த நேரத்தில் தொடக்கூடாது.

போல்ட்டைக் கழற்றிவிட்டு, பாயிண்ட் முனையத்துக்கும் பாடிக்கும் நடுவே 12 வோல்ட் சிறு பல்பு. சாவி போட்டால் பாயிண்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது, திறந்த கணம் எரியும். சக்கரத்தை எப்போதும் முன்னோக்கியே சுற்றி நெருங்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வரவேண்டும், இல்லாவிட்டால் பற்சக்கரங்களின் தளர்வு கணக்கில் சேர்ந்துவிடும். பாயிண்ட் இருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பாதி வேகத்தில் சுற்றுவதால் பாயிண்ட் தட்டில் ஒரு பாகை நகர்த்தினால் கிராங்கில் இரண்டு பாகை. தட்டை நகர்த்துவதை விட ஸ்குரூ டிரைவர் பிடியால் லேசாகத் தட்டுவது நல்லது.

இந்த வண்டியில் பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகே பாயிண்ட் திறந்துகொண்டிருந்தது.

அட்வான்ஸ் எடைகளைக் கையால் விரித்து விட்டால் சட்டென்று பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும். ஒன்று ஒட்டிக்கொண்டு சோம்பலாக வந்தது, அச்சில் துரு. சுத்தம் செய்து ஒரு சொட்டு ஆயில். எடை விரிந்த நிலையில் சிக்கினால் ஐடிலிங் தள்ளாடும், கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். சுருங்கிய நிலையில் சிக்கினால் இழுவை இருக்காது, எக்ஸாஸ்ட் பைப் நீலம் பாரிக்கும்.

ஜூன் 19, வியாழன்

கேஸை மூடி ஓட்டிப் பார்த்ததில் சூட்டில் இரண்டாம் கிக்குக்குள் எடுக்கிறது. மிஸ்ஸிங் போய்விட்டது. கார்புரேட்டரில் இன்னும் எதையும் மாற்றவில்லை.

காற்றுக் கசிவு சோதனை: ஐடிலிங்கில் கார்புரேட்டர் ஃபிளேஞ்ச் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐடிலிங் மாறினால் கசிவு. பெட்ரோல் தெளித்துப் பார்க்கும் வழக்கம் சூடான ஹெட் பக்கத்தில் வேண்டாத விஷப்பரீட்சை. இங்கே மாறியது. இரு நட்டையும் அதிகம் முறுக்கியதில் ஃபிளேஞ்ச் வில்லாக வளைந்திருக்கிறது. கண்ணாடி மேல் 400 எமரியில் எட்டு வடிவமாகத் தேய்த்துப் புது ஓரிங்.

ஜூன் 22, ஞாயிறு

இப்போது கார்புரேட்டர். டிரில் போட்ட ஜெட்டைத் தூக்கிப்போட்டு, முத்திரை எண்ணுள்ள அசல் மெயின் ஜெட். பைலட் ஜெட்டை (ஐடிலிங்குக்கான சிறிய ஜெட்) நைலான் நூலால் சுத்தம் செய்யலாம். இரும்புக் கம்பி துளையைக் கீறிவிடும்.

பங்க்கில் இப்போது ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால் இதற்கு சுமார் 13.5. அதே ஜெட்டில் கலவை எட்டு சதவீதம் அளவுக்கு மெலியும். சென்சார் உள்ள வண்டி தானே சரிக்கட்டும், இது கட்டாது. வார்ப்பிரும்பு சிலிண்டர் சூட்டைச் சீக்கிரம் விடாது என்பதால் மெலிந்த கலவையில் நீண்ட நேரம் முறுக்கினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஆகவே கலவை கொழுக்க, நீடில் (ஸ்லைடில் தொங்கும் ஊசி) கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கி நீடிலை உயர்த்தியாயிற்று. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய் பிசுபிசுத்திருந்தது, எத்தனாலுக்குத் தாங்கும் குழாய் போட்டாயிற்று.

பைலட்: எஞ்சின் நன்றாகச் சூடானபின் ஏர் ஸ்குரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறக்க வேண்டும். அங்கிருந்து கால் கால் சுற்றாகத் திருப்பி ஐடிலிங் மிக உயரும் இடம் எது என்று பிடிக்க வேண்டும். பிறகு ஸ்லைடு ஸ்குரூவால் ஐடிலிங்கை இறக்கி, ஏர் ஸ்குரூவை இன்னொரு முறை. இந்தக் கார்புரேட்டரில் உள்ளே திருப்பினால் கலவை கொழுக்கும், வெளியே திருப்பினால் மெலியும். சிறந்த இடம் ஒரு சுற்றுக்குக் குறைவாக வந்தால் பைலட் ஜெட் சிறியது. இரண்டரைக்கு மேல் போனால் பெரியது. இதில் ஒன்றேகாலில் நின்றது.

மெயின் ஜெட்டுக்கு அதிகாலைச் சாலை. மூன்றாம் கியரில் ஆக்ஸிலேட்டர் முழுவதும் முறுக்கிச் சிறிது தூரம், பிறகு இம்மியளவு தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் வண்டி துள்ளி முன்னேறினால் ஜெட் சிறியது. துள்ளியது. ஒரு எண் கூடிய ஜெட் போட்டபின் அந்தத் துள்ளல் இல்லை, பிளக் பீங்கான் வறுத்த காபிக்கொட்டை நிறம்.

ஜூன் 29, ஞாயிறு

சைலன்சர் பேச்சு. கோல்ட்ஸ்டார் வகை சைலன்சரும் திறந்த ஏர் ஃபில்டரும் போட்டால் பிக்கப் கூடும் என்பது பெரும்பாலும் காதின் நம்பிக்கை. எக்ஸாஸ்ட் தடை குறைந்ததும் கலவை மெலியும், மேலே செய்த ஜெட் வேலை முழுக்க மறுபடி முதலிலிருந்து. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் குறித்த விவரங்களை மாற்ற விடாது. 50 வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த ‘வி.ஏ.’ பதிவு வரிசையும் அசல் வடிவில் இருப்பவற்றுக்கே. இந்த வண்டி அதற்கு 2043இல் தகுதி பெறும். ஃபிரேமை வெட்டி, மட்கார்டை அறுத்துவிட்டால் அந்த வழி அடைபடும். போல்ட்டில் கழற்றி மாட்டக்கூடிய ஹேண்டில் பார், சீட் மாதிரியானவற்றோடு நிறுத்திக்கொண்டு, கழற்றியதைத் துணியில் சுற்றி எடுத்துவைப்பது உத்தமம்.

இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்துவதானால் பெட்ரோல் டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணம் காலியாகித் தானே நிற்கும்வரை ஓடவிட வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பைலட் ஜெட்டில் பச்சை படியும்.

அடுத்து 500 கிலோமீட்டரில் பாயிண்ட் இடைவெளி. புதுக் குதிகால் முதலில் வேகமாகத் தேயும், 0.35க்குக் கீழே போயிருந்தால் இடைவெளியோடு டைமிங்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.